அம்மாவின் மடியில் அக்காவின் கைகள்

ஜனவரி 9

அக்காவுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பையில் போட்டுவிடாதே. ஐந்து வருஷம் வாயைத் திறக்காதவன் காரியம் இல்லாமல் எழுதுவானா என்று நினைப்பாய். நினைப்பு சரிதான். காரியம் இருக்கிறது.

ஏப்ரலில் இங்கே பெரிய ஓவியக்கூடத்தில் என் நாற்பது வருஷத்துப் படங்களையும் ஒன்றாக மாட்டப்போகிறார்கள். சலூனுக்கும் பல் டாக்டருக்கும் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். வயிற்றுப்பாட்டுக்காக நான் வரைந்த கம்பெனி முதலாளிகளை எல்லாம் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாதிப் பேர் இப்போது சுவரில் மட்டும்தான் இருக்கிறார்கள்.

கூடத்தின் பொறுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயரும் சங்கிலிதான். நடுச்சுவரைக் காலியாக விட்டிருக்கிறாள். "அம்மா படம் இல்லாம இந்தக் கண்காட்சியே இல்லைங்க. உங்க அக்காகிட்ட கேட்டுப் பாருங்களேன்" என்கிறாள். 'நாற்காலியில் அம்மா' உன்னிடம் இருக்கிறது. மூன்று மாதம் கொடுத்தால் போதும். நானே பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன்.

கண்காட்சிக்காகப் புதிதாக ஒன்று வரைகிறேன். நான் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படி. ஆள் யாரும் இல்லை, படியும் கைப்பிடியும் மட்டும். தினமும் ஏறி இறங்குகிற படியைப் போன வருஷம் ஒரு நாள் நின்று பார்த்தேன். கீழேயிருந்து மேலே வரைக்கும் அந்த மரக் கைப்பிடி ஒரே வளைவாகப் போகிறது, எத்தனையோ பேர் கை பட்டுத் தேய்ந்து மின்னுகிறது. அதை வரையாமல் செத்துவிடக் கூடாது என்று தோன்றியது. வேலை நன்றாகப் போகிறது.

போன் செய்திருக்கலாம். குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய் என்று பயம்.

தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

குப்பையில் போடவில்லை. கத்தரிக்கோலால் ஓரத்தை நேராக வெட்டித்தான் திறந்தேன். முப்பத்தோரு வருஷம் வங்கியில் இருந்த பழக்கம் எளிதில் போகாது.

படம் பத்திரமாக இருக்கிறது. பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி. ஒரு வரிகூட எழுதாமல் லாரியில் ஏற்றி அனுப்பினாயே, அன்று வைத்த இடம்தான். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டுமாக்கும்.

அம்மா படுத்திருந்தது ஒன்பது வருஷம். நீ வந்து இருந்தது இருபத்திரண்டு நாள். பெட்டி நிறைய வர்ணம் கொண்டுவந்தாய், உனக்காக அம்மாவைத் தினமும் தூக்கி நாற்காலியில் சாய்த்துவைத்தேன். ஒரு நாள் விரிப்பை மாற்றினாயா? ஒரு வேளை ஊட்டினாயா? "அக்கா, அம்மாவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பேன், முகத்துல வெளிச்சம் விழல" என்றாய். திருப்பினேன். எனக்குப் புத்தி எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

கடைசி நாள் காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. என் இரண்டு கையும் அம்மாவைத் தாங்கிக்கொண்டிருந்தன. "டாக்டருக்கு போன் போடுடா" என்று கத்தினேன். நீ துணியிலிருந்து தூரிகையை எடுக்காமலே "ஒரு நிமிஷம்கா" என்றாய். அந்த ஒரு நிமிஷத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்கு மேல் படத்தில் இருக்கும் அந்தக் கைகள் வேறு. அம்மாவின் கை ஒரு இடத்தில் நிற்காது என்று அவளுடைய சால்வையைப் போர்த்தி மூன்று சாயங்காலம் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாய். படத்துக்குப் பரிசு வந்தபோது பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார், ஒரு தாயின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் அந்த அமைதியான கைகளில் தெரிகிறதாம். வங்கியில் காசோலை புரட்டிய கையப்பா அது! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

படம் தரமாட்டேன். சங்கிலியிடம் சொல்லிவிடு.

இன்னொன்று கேட்க வேண்டும். உன் கடிதம் முதல் வரியில் வழக்கமான அளவில்தான் தொடங்குகிறது. போகப் போகச் சிறுத்து, கடைசிப் பத்தியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஏன்?

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

திட்டு வாங்கியதில் சந்தோஷம். திட்டுகிற அளவுக்காவது நான் உனக்கு மிச்சம் இருக்கிறேன்.

எழுத்து சிறுத்ததற்குப் பேனாதான் காரணம். முனை தேய்ந்த பழைய பேனா. கண்ணாடி வேறு மாற்ற வேண்டும். இதற்கெல்லாமா பூதக்கண்ணாடி எடுப்பார்கள்?

கைகளைப் பற்றி நீ சொன்னது முழுக்க நியாயம். பரிசு கொடுத்த மேடையில் சொல்லத்தான் நினைத்தேன். எல்லோரும் அந்தக் கைகளையே பேசினார்கள், எனக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம், வேறு பெயர் கிடையாது.

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் வரைகிற விதம் உனக்குத் தெரியும். முதலில் துணி முழுக்கப் பழுப்பு வர்ணத்தை நீர்க்கப் பூசுவேன். ஈரம் காய்வதற்குள் கந்தலால் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தை எடுப்பேன். நெற்றி வரும், மூக்கு வரும். கடைசியாக வாய். வாய் சரியாக வந்தால் ஆள் வந்துவிடுவார், இல்லையென்றால் பொம்மை. இருபத்தோரு நாள் அம்மாவின் வாய் எனக்கு வரவே இல்லை. அன்று காலை வந்துகொண்டிருந்தது. அது எதனால் அப்படித் திறந்திருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை அக்கா. வழக்கமான இழுப்பு என்று நினைத்தேன். கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய்.

இதை நியாயப்படுத்த எழுதவில்லை. அந்தப் படத்தில் உயிரோடு இருக்கிறது அந்த வாய் ஒன்றுதான். அதைப் பார்க்க எனக்கும் பயம். ஆனாலும் கேட்கிறேன், கொடு.

மாடிப்படி நன்றாக வருகிறது. சங்கிலி வந்து பார்த்துவிட்டு, "இது உங்க புதுப் பாணி" என்றாள்.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

பொய் சொல்லாதே.

நீ பழைய நாளில் எழுதிய கடிதங்களை எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். கடைசியில் இந்த இரண்டையும் வைத்தேன். வங்கியில் என் வேலையே அதுதானே. மாதிரிக் கையெழுத்து அட்டையை இடது கையில் வைத்துக்கொண்டு காசோலையை வலது கையில் பார்ப்பேன். கள்ளக் கையெழுத்து எது, காய்ச்சலில் போட்டது எது, குடித்துவிட்டுப் போட்டது எது என்று சொல்லிவிடுவேன். பேனா தேய்ந்தால் கோடு தடிக்கும், எழுத்து சிறுக்காது.

அம்மாவின் பால் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. படுப்பதற்கு மூன்று வருஷம் முன்பு எழுதியது. அதுவும் இப்படித்தான், முதல் வரி பெரிசு, கடைசி வரி கடுகு.

கேட்கிறதற்கு மட்டும் பதில் எழுது. நடக்கும்போது வலது கை வீசுகிறதா, தொங்குகிறதா? சட்டைப் பொத்தான் போட எத்தனை நேரம் ஆகிறது? போன் செய்யாததற்கு நான் காரணமா, இல்லை குரல் எழும்பவில்லையா? நீ வர்ணம் கரைக்கிற டர்பன்டைன் நாற்றத்திலேயே வாழ்கிறவன். அந்த வாசனை இப்போது உனக்கு வருகிறதா? அம்மாவுக்கு முதலில் போனது மூக்குதான். பால் கருகிப் புகை கிளம்பும்வரை அடுப்படியிலேயே நிற்பாள்.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

வாசனை போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஜலதோஷம் என்று நினைத்தேன். பிறகு டர்பன்டைனில் கலப்படம் என்று கடைக்காரனோடு சண்டை போட்டேன். பாவம், நல்ல மனிதன், வேறு புட்டி எடுத்துக் கொடுத்தான். அதிலும் வாசனை இல்லை.

டாக்டர் சொல்லிப் பதினான்கு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு வந்த அதே நடுக்குவாதம்தான். "குடும்பத்துல வர்றது அபூர்வம்தான், ஆனா வராதுன்னு இல்ல" என்றார். அந்த அபூர்வம் தேடிப் பிடித்து என்னிடம் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. முதல் ஆள் நீதான், அதுவும் நீயாகக் கண்டுபிடித்தது.

மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துக் கை கொஞ்சம் சொன்னபடி கேட்கும். அதிகம் போனால் இரண்டு மணி நேரம். அதற்குள் வர்ணத்தைப் பிழிய வேண்டும், குழைக்க வேண்டும், வரைய வேண்டும். பிறகு தூரிகையைக் கழுவக்கூட முடியாது. முன்பெல்லாம் ஒரு கோடு போடுவதென்றால் தோளிலிருந்து கை முழுவதும் நகரும், மூச்சை இழுத்து நிறுத்தி ஒரே வீச்சு. பெயர்ப்பலகை எழுதிக் கற்றது அது. மாடிப்படிக் கைப்பிடியை அப்படித்தான் வரைய நினைத்தேன். எழுபது, எண்பது தடவை போட்டு வழித்துவிட்டேன். கடைசியில் சின்னச் சின்னப் பொட்டுகளாக வைத்து ஒப்பேற்றியிருக்கிறேன். அதைத்தான் புதுப் பாணி என்கிறாள். கிட்டே போய்ப் பார்த்து, "கோடு அப்படியே மூச்சு விடுதுங்க" என்றாள். நான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தலையாட்டினேன்.

எனக்கு வரைவதைத் தவிர ஒன்றும் தெரியாது அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நண்பன் என்று ஒருவனை வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் பிறகு பார்க்கலாம், இந்தப் படம் முடியட்டும் என்று தள்ளித் தள்ளி வைத்தேன். இப்போது முடியப்போவது நான். காலையில் எழுந்ததும் விரல்களைத்தான் பார்க்கிறேன். பெருவிரலும் சுட்டுவிரலும் தாங்களாக எதையோ உருட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் வெறுப்பாக இருக்கிறது.

எப்படிக் கேட்பதென்று மூன்று நாள் யோசித்தேன். நீ வருகிறாயா? படத்துக்காகக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

படத்தை அனுப்பிவிட்டேன். பழைய கம்பளி இரண்டைச் சுற்றி, பலகை அடித்து அனுப்பியிருக்கிறேன். பிரிக்கும்போது ஆணி பார்த்துப் பிரி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. உன்னைச் சபித்திருக்கிறேன். இப்படி ஆகட்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, அதை நீ நம்ப வேண்டும்.

செய்ய வேண்டியதை எழுதுகிறேன். பொத்தான் வைத்த சட்டையை விட்டுவிடு. கழிப்பறைச் சுவரில் இரும்புப் பிடி அடித்துவை, இன்றே செய், விழுந்த பிறகு அல்ல. மாடியைக் காலி செய்துவிட்டுத் தரைத்தளத்தில் வீடு பார். தரையில் விரிப்பு எதுவும் வேண்டாம். வாசற்படி தாண்டும்போது கால் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும், அப்போது பதறாமல் மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணு, எடுத்துவைக்க வரும். மாத்திரையை நேரம் தவறாமல் போடு. சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள், ஆனால் மரியாதையாக நடத்து. சாப்பாடு தொண்டையில் சிக்கத் தொடங்கியதும் எனக்கு எழுது, எதை எப்படிக் குழைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

நான் வரவில்லை. எனக்கு அறுபத்திமூன்று வயது. அம்மாவைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. அவ்வளவுதான் காரணம். இதைப் பற்றி மேற்கொண்டு கேட்காதே.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

கண்காட்சி தொடங்கிவிட்டது. நடுச்சுவர் காலியாகத்தான் இருக்கிறது. அதற்கு நான்தான் காரணம். கேட்டுவிட்டுத் திட்டு.

படம் வந்த அன்று பலகையைப் பிரித்து ஜன்னலோரம் நிறுத்தினேன். அடையாளமே தெரியாதபடி வயதாகியிருக்கும் என்று நினைத்தேன், படத்துக்கு வயதாகவில்லை. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்துக்கு முதுகு காட்டி நின்று, கைக்கண்ணாடியில் இடவலமாகப் பார்த்தால் தப்பெல்லாம் கண்ணில் அறையும். அப்படிப் பார்த்தேன். முகம் அம்மா. வாய் அம்மா. மடியில் யாரோ ஒருத்தியின் கை, பேருந்துக்குக் காத்திருக்கிறவள்போல நிம்மதியாகக் கிடந்தது. இருபத்திரண்டு நாளில் ஒரு விநாடிகூட அம்மாவின் கை அப்படி இருந்ததில்லை. உலகமே கொண்டாடிய இடத்தில் நான் பொய்யை வரைந்து வைத்திருக்கிறேன். அன்று எனக்கு அம்மாவின் கை தெரியாது. இப்போது தெரியும், என் தோளிலேயே தொங்குகிறது.

நான்கு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஐந்தாம் நாள் மாத்திரை போடவில்லை. வேண்டுமென்றேதான். நடுக்கம் முழுசாக வரும்வரை உட்கார்ந்திருந்தேன். முதலில் கத்தியால் உன் கைகளைச் சுரண்டி எடுத்தேன், துணியின் இழை தெரியும்வரை. பிறகு சாம்பல் வர்ணத்தைத் தொட்டு, தூரிகை முனையைப் படத்து மடியில் ஊன்றிக்கொண்டு கையை அதன் போக்கில் விட்டேன்.

இருபது நிமிஷம், அக்கா. இருபது நிமிஷம் அம்மாவின் கை அங்கே இருந்தது. விரல் உருட்டுகிறது, சால்வை நுனியைப் பிடிக்கப் பார்க்கிறது, முடியவில்லை. நாற்பது வருஷத்தில் நான் அப்படி ஒன்றை வரைந்ததில்லை. வாய்விட்டு அழுதேன். அந்த நொடியில் தூரிகையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கத்தான் நினைத்தேன், கை நிற்கவில்லை. வரைந்ததன் மேலேயே போய் வந்து, போய் வந்து, கடைசியில் இடது கையால் பிடித்து இழுத்தபோது மடியில் சேறுதான் மிச்சம். அதைச் சரிசெய்ய இனி யாராலும் ஆகாது.

சங்கிலி வந்து பார்த்தாள். கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். "என்னங்க பண்ணிட்டீங்க" என்று மட்டும் கேட்டாள். ஒரு துணியை எடுத்துப் படத்தை மூடிவிட்டுப் போனாள். திறப்பு விழாவில் மாடிப்படிப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். நான் சுவரோரமாக நின்றேன். அதற்குப் பிறகு தூரிகையைத் தொடவில்லை, இனித் தொடப்போவதும் இல்லை.

உன்னை வா என்று மறுபடி கேட்கவில்லை. ஆனால் காரணத்தையாவது உண்மையாகச் சொல். முதுகு போனவள் அந்தப் படத்தை பீரோவுக்குப் பின்னாலிருந்து இழுத்து, கம்பளி சுற்றி, பலகை அடித்திருக்க முடியாது. நான் உன்னிடம் பொய் சொன்னேன், நீ பிடித்துவிட்டாய். இது என் முறை.

தம்பி


மே 3

தம்பிக்கு,

உன் கடிதத்தை இந்தத் தடவை இரண்டு நாளாகப் படித்தேன். பாதி எழுத்தை ஊகிக்க வேண்டியிருந்தது.

என்னைக் கேட்காமல் என் கையைச் சுரண்டினாய் என்று கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். படம் வந்த பிறகு எத்தனையோ மத்தியானம் அந்தப் படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவைப் பார்க்க அல்ல, அந்தக் கைகளைப் பார்க்க. ஒன்பது வருஷம் நான் அந்த அறையில் இருந்தேன் என்பதற்கு வேறு எந்த அத்தாட்சியும் இல்லை. பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவேன்.

பொறுக்க முடியாததற்குக் காரணம் இதுதான். அன்றைக்கு என் இரண்டு கையும் அம்மாவைத் தாங்கியிருந்தன என்று எழுதினேன். இத்தனை வருஷமும் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். தாங்கியது ஒரு கைதான். இன்னொரு கையில் என் போன் இருந்தது. டாக்டர் பெயரை எடுத்துவிட்டேன், அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ ஒரு நிமிஷம் என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. போனைக் கவிழ்த்துக் கட்டிலில் வைத்துவிட்டேன். உன் கோடு முடியட்டும் என்று நானும் காத்திருந்தேன், தம்பி. முடியட்டும், எல்லாமே முடியட்டும் என்று காத்திருந்தேன். பழியை உன் தலையில் போட்டுவிட்டு ஐந்து வருஷம் சௌகரியமாகக் கோபித்துக்கொண்டிருந்தேன்.

உன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. உன் கடிதம் வந்த அன்றே பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன். இரண்டு புடவையும் மடித்து வைத்தேன். பிறகு உன் கட்டிலோரம் நான் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். விரிப்பு மாற்றுவேன், ஊட்டுவேன், திருப்பிப் படுக்க வைப்பேன், அதெல்லாம் கைக்குப் பழக்கம்தான். ஆனால் முடியட்டும் என்கிற அந்த ஆசை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று எனக்கு இப்போது தெரியும். அம்மா விஷயத்தில் அது வர ஒன்பது வருஷம் ஆயிற்று. உன் விஷயத்தில் அவ்வளவு நாள் ஆகாது.

அதனால்தான் வரவில்லை.

அக்கா